கிளர்ச்சிக் குழுக்கள் செய்யும் மனிதகுல விரோதக் குற்றங்கள்: உலகம் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதக் குழு ஒன்று ஊருக்குள் புகுந்து ஆண்களைச் சுட்டுக் கொன்றது, சிறுவர்களைக் கடத்திச் சென்றது, பெண்களை அடிமைகளாக்கியது என்ற செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள் எழுகின்றன. உலக நாடுகள் என்ன செய்யும்? வழக்கு நடக்குமா? தலைவனைப் பிடிப்பார்களா? கடந்த முப்பது ஆண்டுகளில் உண்மையில் நடந்தவற்றை வைத்து இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்பது அரசுகள் செய்வதுதானே? ஒரு கிளர்ச்சிக் குழுமீது அதைச் சுமத்த முடியுமா?

முடியும். 1945-ல் நியூரம்பெர்க் நீதிமன்றத்துக்கான சாசனத்தில் இந்தக் குற்றம் எழுதப்பட்டபோது எல்லோர் கண்முன்னும் நின்றது நாஜி அரசு. அதனால் இது அரசுகளுக்கே உரிய குற்றம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1998 ஜூலை 17 அன்று ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டம் அந்த எல்லையை வெளிப்படையாகவே அகற்றியது. பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ தொடுக்கப்படும் தாக்குதலின் பகுதியாக நடக்கும் கொலை, அடிமைப்படுத்தல், சித்திரவதை, பாலியல் வன்முறை, கட்டாய வெளியேற்றம் ஆகியவை அதன் 7ஆம் பிரிவில் வருகின்றன. அந்தத் தாக்குதல் ஓர் அரசின் கொள்கையை ஒட்டியதாகவும் இருக்கலாம், ஓர் அமைப்பின் கொள்கையை ஒட்டியதாகவும் இருக்கலாம்.

அந்த அமைப்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் நீதிபதிகளே ஒருமித்த கருத்தில் இல்லை. 2010-ல் அந்த நீதிமன்றத்தின் முன் வந்த கென்யா விவகாரத்தில் ஒரு நீதிபதி, அரசைப் போன்ற கட்டமைப்பு கொண்ட அமைப்பாக இருந்தால்தான் இந்தக் குற்றம் பொருந்தும் என்று மாறுபட்டு எழுதினார். பொதுமக்கள்மீது அத்தகைய தாக்குதலை நடத்தும் திறன் இருந்தாலே போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். எனக்குப் பெரும்பான்மையின் நிலைப்பாடே சரியாகப் படுகிறது. கொல்லப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால், கொன்றவர்களிடம் தலைமைச் செயலகம் இருந்ததா என்பது ஒரு பொருட்டே அல்ல.

போர்க்குற்றம், இனப்படுகொலை ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

போர்க்குற்றத்துக்கு ஆயுத மோதல் நடந்துகொண்டிருக்க வேண்டும். சரணடைந்த ஒரே ஒருவரைக் கொன்றாலும் அது போர்க்குற்றம். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போர் தேவையில்லை. ஆனால் அது தனிச் சம்பவமாக நின்றுவிடாமல் பெரிய தாக்குதலின் பகுதியாக இருக்க வேண்டும். இனப்படுகொலையில், ஒரு தேசிய, இன, மதக் குழுவை அழிக்கும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். 2014 ஆகஸ்டு முதல் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் சிறுபான்மை மதத்தவரான யாசிதி மக்களுக்கு ஐ.எஸ். அமைப்பு இழைத்த கொடுமைகளில் இந்த மூன்றும் இருந்தன.

பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலில் சேர்த்துத் தடை செய்துவிட்டால் போதாதா?

போதாது. தடைப்பட்டியல் பணத்தை முடக்கும், பயணத்தைத் தடுக்கும். எந்த ஊரில் யார் யாரைக் கொன்றார் என்று அது கேட்பதில்லை. ஈராக்கில் ஆயிரக்கணக்கான ஐ.எஸ். வழக்குகள், தடை செய்யப்பட்ட அமைப்பின் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டிலேயே பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் முடிந்துபோயின. சந்தையில் விற்கப்பட்ட யாசிதிப் பெண்களுக்கு, தங்களை வாங்கியவன் எதிரில் நின்று சாட்சி சொல்லும் வாய்ப்புப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. குற்றத்தின் உண்மையான பெயர் தீர்ப்பில் வராமல் போவது பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு இழப்பு.

கிளர்ச்சிக் குழுக்கள் எந்தச் சர்வதேச ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லையே, சட்டம் அவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3ஆம் பிரிவு, உள்நாட்டு மோதலில் ஈடுபடும் ஒவ்வொரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. கையெழுத்து தேவையில்லை. அதற்கு மேல், குற்றப் பொறுப்பு தனிமனிதரைச் சேர்கிறது. தளபதி எந்தக் கொடியின்கீழ் நின்றார் என்பதால் அது மாறுவதில்லை.

குழுக்களிடம் நேரடியாகப் பேசி உறுதிமொழி வாங்கும் முயற்சிகளும் உண்டு. 2000-ல் தொடங்கப்பட்ட ஜெனீவா கால் என்ற அமைப்பு, கண்ணிவெடியைக் கைவிடவும் சிறுவர்களைப் படையில் சேர்க்காமல் இருக்கவும் ஆயுதக் குழுக்களிடம் எழுத்துமூலம் உறுதி பெறுகிறது. பிலிப்பைன்ஸின் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி 2009-ல் ஐ.நா.வுடன் செயல்திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டு, சிறுவர்களைத் தன் அணிகளிலிருந்து விடுவித்தது. 2017-ல் சிறார் படையினரைப் பயன்படுத்தும் தரப்புகளின் ஐ.நா. பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. நாளை நாட்டை ஆள நினைக்கும், தன் பெயரைப் பற்றிக் கவலைப்படும் குழுவிடம்தான் இந்த வழி பலிக்கும்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் எப்போது தலையிட முடியும்?

ஹேக் நகரிலுள்ள அந்த நீதிமன்றத்துக்கு மூன்று வாசல்கள். குற்றம் உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பினரல்லாத நாடு தானே அதிகாரத்தை ஏற்கலாம். இரண்டும் இல்லாத இடத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபை விவகாரத்தை அனுப்பிவைக்கலாம்.

மூன்றாவது வாசலுக்கு, தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் என்ற பூட்டு உண்டு. சிரியாவில் அரசும் ஆயுதக் குழுக்களும் செய்த குற்றங்களை ஹேக் நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானம் 2014 மே மாதம் வந்தபோது 13 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. அந்த ஒரு வாக்கெடுப்பால் சிரிய அரசும் தப்பியது, ஐ.எஸ். தலைவர்களும் அந்த நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் போனார்கள்.

வாசல் திறந்திருந்தும் யாரும் உள்ளே போகாத விவகாரமும் உண்டு. நைஜீரியா உறுப்பு நாடு. 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்திய போகோ ஹராம், அதை எதிர்த்துப் போரிட்ட பாதுகாப்புப் படைகள் ஆகிய இரு தரப்புமே மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் செய்ததாக நம்ப அடிப்படை இருக்கிறது என்று 2020 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். அதன்பின் ஆண்டுகள் கடந்தும் முழு விசாரணை தொடங்கவில்லை.

அந்த நீதிமன்றத்தின் கூண்டில் பெரும்பாலும் கிளர்ச்சியாளர்களே நிற்பது ஏன்?

நியாயமான கேள்வி. விடை கசப்பானது. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தமாகக் காவல்துறை இல்லை. கைது செய்யவும், சாட்சிகளை அணுகவும், புதைகுழிகளைத் தோண்டவும் அந்தந்த நாட்டு அரசின் தயவு வேண்டும். உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி ஆகிய நாடுகள் தங்கள் விவகாரங்களைத் தாங்களே ஹேக் நகருக்கு அனுப்பின. எதிரியைக் குற்றவாளியாக்க அரசு முன்வந்து உதவும்போது வழக்கு வேகமாக நகர்கிறது. அதே அரசின் ராணுவத்தின் பக்கம் விரல் நீளும்போது ஒத்துழைப்பு வற்றிவிடுகிறது. வடக்கு உகாண்டாவில் ராணுவத்தின்மீதும் கடுமையான புகார்கள் இருந்தன. ஆனால் பிடியாணைகள் கிளர்ச்சித் தலைவர்களுக்கு மட்டுமே பிறப்பிக்கப்பட்டன.

இதனால் கிளர்ச்சியாளர்களின் குற்றம் சிறிதாகிவிடாது. 2003 பிப்ரவரி 24 அன்று காங்கோவின் போகோரோ கிராமத்தில் நடந்த படுகொலைக்காக ஜெர்மைன் கதாங்காவுக்கு 12 ஆண்டுகளும், இதூரி பகுதியில் நடந்த கொலைகள், பாலியல் அடிமைப்படுத்தல் ஆகியவற்றுக்காக போஸ்கோ என்தகாந்தாவுக்கு 30 ஆண்டுகளும் விதிக்கப்பட்டது தகுந்த நீதியே. என்தகாந்தாவின் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2006-லேயே பிடியாணை இருந்தும், சமாதான ஏற்பாட்டின் பேரில் 2009-ல் காங்கோ ராணுவம் அவரை ஜெனரலாகவே சேர்த்துக்கொண்டது. கிழக்குக் காங்கோவின் கோமா நகரில் அவர் எல்லோர் கண்முன்னும் நடமாடினார். 2013 மார்ச்சில், தன் சொந்த முகாமில் பிளவு ஏற்பட்ட பிறகு, ருவாண்டா தலைநகர் கிகாலியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் தானே நடந்துபோய், ஹேக் நகருக்கு அனுப்பும்படி கேட்டார். ஏழு ஆண்டுகளாக அரசுகள் செய்யாததை அவருடைய உயிர்ப்பயம் செய்தது.

ஜோசப் கோனியை ஏன் இன்னும் பிடிக்க முடியவில்லை?

கோனியின் 'இறைவனின் எதிர்ப்புப் படை' வடக்கு உகாண்டாவில் இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கிராமங்களைச் சூறையாடியது. பல்லாயிரம் சிறுவர்களைக் கடத்தி, பலரைத் தங்கள் உறவினர்களையே கொல்லவைத்தது. ஏறத்தாழ 20 லட்சம் பேர் முகாம்களில் முடங்கினார்கள். 2005-ல் கோனிக்கும் நான்கு தளபதிகளுக்கும் ஹேக் நீதிமன்றம் வெளியிட்ட பிடியாணைகள்தான் அதன் வரலாற்றில் முதலாவதாக வந்தவை.

2006 முதல் 2008 வரை ஜூபா நகரில் பேச்சுவார்த்தை நடந்தது. உடன்படிக்கை முழுவதும் தயாரான நிலையில் கோனி கையெழுத்திட வரவில்லை. பிடியாணைதான் காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். பிடியாணை விழுந்ததால்தான் அவர் பேச்சுவார்த்தைக்கே வந்தார் என்பது மறு சாரார் வாதம். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. 2008 டிசம்பரில் உகாண்டா ராணுவம் காங்கோவுக்குள் புகுந்து தாக்கியது. கோனி தப்பினார். அவருடைய ஆட்கள் அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் வடகிழக்குக் காங்கோவின் கிராமங்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று பழிதீர்த்தார்கள். ராணுவத் திட்டத்தை வரைந்தவர்கள், அந்தக் கிராமங்களைப் பாதுகாக்க ஆள் நிறுத்தவில்லை. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது அந்த அலட்சியம்தான்.

2011-ல் அமெரிக்கா சுமார் 100 ராணுவ ஆலோசகர்களை அனுப்பியது. பிடித்துக்கொடுப்பவருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு அறிவித்தது. 2017-ல் அந்தத் தேடுதல் நிறுத்தப்பட்டது. எல்லை தாண்டித் தாண்டி, எந்த அரசின் கையும் சரியாக எட்டாத காடுகளில் கோனி தங்கிவிட்டார். தொடக்கக் காலத்தில் சூடான் அரசு அவருக்கு ஆயுதமும் அடைக்கலமும் கொடுத்தது. தெற்கு சூடான் போராளிகளை உகாண்டா ஆதரித்ததற்கு அது பதிலடி. அந்த ஆதரவு இல்லாமல் அவருடைய படை அவ்வளவு காலம் நீடித்திருக்காது.

2025 செப்டம்பரில், அவர் இல்லாமலேயே குற்றச்சாட்டுகளை உறுதிசெய்யும் விசாரணை ஹேக் நகரில் நடந்தது. நவம்பரில் 39 குற்றச்சாட்டுகள் உறுதிசெய்யப்பட்டன. ஆனால் அவர் நேரில் கொண்டுவரப்படாமல் முழு வழக்கு தொடங்க முடியாது.

சிறுவயதில் கடத்தப்பட்டுப் போராளியாக்கப்பட்டவரைக் குற்றவாளி என்று தண்டிப்பது நியாயமா?

டொமினிக் ஒங்வெனின் வழக்கு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியது. ஏறத்தாழ ஒன்பது வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் கோனியின் ஆட்கள் அவரைக் கடத்தினார்கள். பின்னர் அதே படையில் தளபதியானார். பஜுலே, ஓடெக், லுகோடி, அபோக் ஆகிய, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாம்கள்மீதான தாக்குதல்களும், சிறுமிகளைக் கட்டாய மனைவிகளாக்கியதும் அவர்மீதான குற்றச்சாட்டுகளில் இருந்தன. 2021 பிப்ரவரியில் 61 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கட்டாயக் கர்ப்பம் என்ற குற்றத்துக்கு அந்த நீதிமன்றம் தண்டனை வழங்கியது அதுவே முதல்முறை.

ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றங்கள் என்றாலும், குழந்தையாக அவர் பட்ட துன்பத்தைக் கருதி 25 ஆண்டுகளோடு நிறுத்தினார்கள் நீதிபதிகள். இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே தெரிகிறது. அவரைப் போலவே கடத்தப்பட்ட பலர் உயிரைப் பணயம் வைத்துத் தப்பியோடினார்கள். அவருக்கு 'மனைவியாக' ஒதுக்கப்பட்ட சிறுமிகளும் கடத்தப்பட்ட குழந்தைகள்தான். அவருடைய கடந்த காலத்தை மன்னிப்பாக ஏற்றால் அந்தச் சிறுமிகளின் கதை அழிந்துவிடும். தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்றபோது இரண்டு உண்மைகளுக்கும் இடம் கிடைத்தது.

சமாதானம் வேண்டுமானால் பொது மன்னிப்புத் தரத்தானே வேண்டும்?

சியரா லியோனில் இதை முயன்று பார்த்தார்கள். பொதுமக்களின் கைகளை வெட்டுவதையே போர்முறையாக்கிய புரட்சிகர ஐக்கிய முன்னணிக்கும் அரசுக்கும் 1999 ஜூலை 7 அன்று லோமே நகரில் உடன்பாடு ஏற்பட்டது. தலைவர் ஃபோடே சங்கோவுக்கு முழு மன்னிப்புக் கிடைத்தது. துணை அதிபருக்கு நிகரான தகுதியும், நாட்டின் வைரம் உள்ளிட்ட வளங்களைக் கவனிக்கும் ஆணையத்தின் தலைமையும் கிடைத்தன. கையெழுத்திடும் நேரத்தில் ஐ.நா. பிரதிநிதி தன் கைப்பட ஒரு குறிப்பைச் சேர்த்தார்: இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்புப் பொருந்தும் என்று ஐ.நா. கருதவில்லை.

சமாதானம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2000 மே மாதம் சங்கோவின் ஆட்கள் சுமார் 500 ஐ.நா. அமைதிப்படையினரைப் பிணைபிடித்தார்கள். பிரிட்டன் படை அனுப்பியது, சங்கோ கைதானார். 2002-ல் ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து ஃப்ரீடவுன் நகரில் சிறப்பு நீதிமன்றம் அமைத்தன. லோமே மன்னிப்பு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2004-ல் அதன் நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது அந்தக் கைப்பட எழுதிய வரியின் அருமை புரிந்தது. சங்கோ 2003-ல் காவலில் இறந்துவிட்டார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த இசா செசேக்கு 52 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. அரசுக்காகப் போரிட்ட குடிப்படைத் தலைவர்களையும் அந்த நீதிமன்றம் தண்டித்தது. உள்ளூரில் மதிப்புப் பெற்றவர்களைத் தண்டித்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அந்த முடிவுதான் அதற்கு நம்பகத்தன்மை தந்தது.

சிறையும் இல்லாமல், மன்னிப்பும் இல்லாமல் நடுவழி உண்டா?

கொலம்பியா ஒன்றைக் கட்டியிருக்கிறது. ஃபார்க் கிளர்ச்சியாளர்களுடன் 2016-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சமாதானத்துக்கான சிறப்பு நீதி அமைப்பு உருவானது. முழு உண்மையையும் ஒப்புக்கொள்பவருக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை சிறையில்லாத, ஈடுசெய்யும் பணிகள். ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றால் 20 ஆண்டுகள் வரை சிறை. ஆள்கடத்தல் வழக்கில் 21,396 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 2025 செப்டம்பரில், முன்னாள் தலைமைக் குழுவைச் சேர்ந்த ஏழு பேருக்கு எட்டாண்டு ஈடுசெய்யும் பணி விதிக்கப்பட்டது.

கடத்தப்பட்டவர்களில் பலருக்கு இது போதவில்லை. அவர்கள் கோபத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் தலைவர்கள் பொது விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களின் எதிரில் அமர்ந்து, ஆம், மனிதர்களைக் கடத்தி வைத்திருந்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். இதே அமைப்பு ராணுவ அதிகாரிகளையும் விசாரிக்கிறது. ஒரு தரப்பை மட்டும் கூண்டில் ஏற்றியிருந்தால் இந்த ஒப்புதல்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

குழுக்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுப்பவர்களை யாரும் கேட்பதில்லையா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி என்று நான் நினைப்பது இதைத்தான். காட்டுக்குள் இருக்கும் குழு துப்பாக்கி செய்வதில்லை, டீசல் வடிப்பதில்லை. யாரோ விற்கிறார்கள், யாரோ எல்லையைத் திறந்துவிடுகிறார்கள்.

அங்கோலாவின் யுனிட்டா கிளர்ச்சிக் குழுமீது 1993-ல் ஐ.நா. ஆயுதத் தடையும் எரிபொருள் தடையும் விதித்தது. 1998-ல் வைரத் தடையும் சேர்ந்தது. பல ஆண்டுகள் அவை காகிதத்திலேயே இருந்தன. 2000 மார்ச்சில் வெளிவந்த நிபுணர் அறிக்கை, தடையை மீற உதவியதாகப் பதவியில் இருந்த ஆப்பிரிக்க அதிபர்களின் பெயர்களையே எழுதியது. ஐ.நா. அறிக்கைகளில் அப்படியொரு துணிவை அதற்குமுன் பார்ப்பது அரிது. 2002-ல் யுனிட்டா தலைவர் சவிம்பி போரில் கொல்லப்பட்டார், இரண்டே மாதத்தில் போர்நிறுத்தம் வந்தது.

சியரா லியோன் கிளர்ச்சியாளர்களுக்கு வைரத்துக்கு மாற்றாக ஆயுதம் கொடுத்தவர் பக்கத்து நாடான லைபீரியாவின் அதிபர் சார்ல்ஸ் டெய்லர். அவருக்கு 2012-ல் 50 ஆண்டுச் சிறை. தன் நாட்டில் செய்ததற்காக இல்லை. அண்டை நாட்டின் கிளர்ச்சிக் குழு செய்த குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததற்காகவும், அவற்றில் சிலவற்றைத் திட்டமிட்டதற்காகவும். நியூரம்பெர்க்குக்குப் பிறகு சர்வதேச நீதிமன்றம் ஒன்று முன்னாள் நாட்டுத் தலைவரைத் தண்டித்தது அதுவே முதல்முறை.

காங்கோவின் எம்23 குழுவை எடுத்துக்கொள்வோம். 2012 நவம்பரில் அது கோமாவைப் பிடித்தது. ருவாண்டா அதன் பின்னால் நிற்பதாக ஐ.நா. நிபுணர்கள் சொன்னார்கள்; ருவாண்டா மறுத்தது. பல நாடுகள் ருவாண்டாவுக்கான உதவியை நிறுத்திவைத்தன. கூடவே ஐ.நா.வின் தாக்குதல் படைப்பிரிவும் களமிறங்க, 2013 நவம்பருக்குள் எம்23 தோற்றது. 2021 இறுதியில் அது மீண்டும் எழுந்தபோது அழுத்தம் தாமதமாகவும் தயக்கத்தோடும் வந்தது. 2025 ஜனவரியில் கோமா மறுபடி விழுந்தது. எம்23-க்கான ஆதரவை நிறுத்தும்படி ருவாண்டாவைப் பெயர் சொல்லிக் கேட்கும் பாதுகாப்புச் சபைத் தீர்மானம் பிப்ரவரி 21 அன்றுதான் நிறைவேறியது. பத்தாண்டுக்கு முன் எது வேலை செய்தது என்று தெரிந்திருந்தும் இவ்வளவு காத்திருந்ததற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனங்களும் தப்பக் கூடாது. பிரெஞ்சு சிமெண்ட் நிறுவனமான லஃபார்ஜ், சிரியாவில் தன் ஆலையை நடத்த ஐ.எஸ். உள்ளிட்ட குழுக்களுக்குப் பணம் கொடுத்ததை 2022-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சுமார் 77.8 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. பிரான்சில், மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டும் அந்த நிறுவனத்தின்மீது இருக்கிறது.

அமைதிப்படை இருந்தும் படுகொலைகள் நடக்கின்றனவே?

அமைதிப்படை என்பது இரு தரப்பும் சம்மதித்த போர்நிறுத்தத்தைக் காக்கவே முதலில் உருவானது. பொதுமக்களைக் கொல்வதையே வழியாகக் கொண்ட குழுவுக்கு முன் அந்த அமைப்பு திணறுகிறது. 2012-ல் கோமா விழுந்தபோது ஐ.நா. படையினர் நகரிலேயே இருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகே, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி நாடுகளின் சுமார் 3,000 வீரர்களைக் கொண்டு, தாக்கும் அதிகாரத்துடன் ஒரு படைப்பிரிவை 2013 மார்ச்சில் பாதுகாப்புச் சபை அமைத்தது. அரசியல் அழுத்தம் உடன் இருந்தபோது அது வென்றது. அழுத்தம் போனபிறகு படையால் மட்டும் எதையும் தாங்கிப்பிடிக்க முடியவில்லை.

குற்றவாளி வேறு நாட்டுக்கு ஓடிவிட்டால்?

அங்கேயே பிடிக்கலாம். குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கும் உலகளாவிய அதிகாரம் சில நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. 2021 நவம்பர் 30 அன்று ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம், ஐந்து வயது யாசிதிச் சிறுமியை வெயிலில் கட்டிவைத்துச் சாகவிட்ட ஐ.எஸ். உறுப்பினர் ஒருவருக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. யாசிதிகள் மீதான குற்றங்களை இனப்படுகொலை என்று ஒரு நீதிமன்றம் தண்டித்தது அதுவே உலகில் முதல்முறை. சுவிட்சர்லாந்தில், லைபீரியாவின் முதல் உள்நாட்டுப் போரில் யுலிமோ குழுவின் தளபதியாக இருந்தவர் 2023-ல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் குற்றவாளியானார். லைபீரியாவிலேயே இன்றுவரை அந்தப் போருக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இலங்கையில் விடுதலைப் புலிகள்மீதான குற்றச்சாட்டுகள் என்னவாயின?

தமிழில் இதைப் படிக்கும் பலருக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. எனவே நேராகவே சொல்லிவிட வேண்டும். ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் இரு தரப்பின்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கண்டது. அரசுமீது: பொதுமக்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் எறிகணை வீசியது, உணவும் மருந்தும் கிடைக்காமல் தடுத்தது. புலிகள்மீது: மக்களைக் கேடயமாக வைத்திருந்தது, தப்ப முயன்றவர்களைச் சுட்டது, சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் அது சொன்னது.

புலிகளின் தலைமை 2009 மே மாதத்தில் அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. இலங்கை ஹேக் நீதிமன்றத்தின் உறுப்பு நாடு இல்லை. வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்புடன் விசாரணை என்று 2015-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மனித உரிமைச் சபைத் தீர்மானத்திலிருந்து 2020-ல் அரசு விலகியது. 2021 முதல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி நடக்கிறது. பிள்ளையைப் புலிகளிடம் பறிகொடுத்த தாய்க்கும், ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கும் உண்மையை அறியும் உரிமை ஒன்றே. ஒன்றைச் சொல்வதால் மற்றொன்று குறைந்துவிடும் என்ற அச்சத்தைத் தமிழர்களாகிய நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது சூடானில் என்ன நிலைமை?

2023 ஏப்ரல் 15 முதல் ராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படைக்கும் போர். மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் முன்பு அரசு ஏவிவிட்ட ஜன்ஜாவீத் குடிப்படைகளிலிருந்து வளர்ந்ததுதான் அந்தப் படை. 2025 செப்டம்பரில் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு, டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகர முற்றுகையில் அந்தப் படை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் செய்ததாகவும், போர்க்குற்றங்களை இரு தரப்புமே செய்ததாகவும் அறிவித்தது. அடுத்த மாதம் 26ஆம் தேதி அந்த நகரம் விழுந்தது. பெரும் படுகொலைகள் நடந்தன. முற்றுகை ஓராண்டுக்கும் மேலாக நீடித்தது. வரப்போவது என்ன என்று எச்சரிக்காதவர்கள் இல்லை.

அதே அக்டோபரில்தான் ஹேக் நீதிமன்றம், இருபது ஆண்டுகளுக்கு முன் டார்ஃபூரில் நடந்த குற்றங்களுக்காக ஜன்ஜாவீத் தளபதி அலி குஷைபைக் குற்றவாளி என்றது. டிசம்பரில் 20 ஆண்டுச் சிறை விதித்தது. பாதுகாப்புச் சபை 2005-ல் அனுப்பிய விவகாரம் அது. அதே அதிகாரம் இன்றைய டார்ஃபூர் குற்றங்களுக்கும் செல்லும், சூடானின் பிற பகுதிகளுக்குச் செல்லாது. ஐ.நா. ஆயுதத் தடையும் டார்ஃபூருக்கு மட்டுமே. விரைவு ஆதரவுப் படைக்கு ஆயுதம் தருவதாக ஐக்கிய அரபு அமீரகத்தின்மீது குற்றச்சாட்டு இருக்கிறது; அமீரகம் மறுக்கிறது. சூடான் தொடுத்த வழக்கை, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று, நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் 2025 மே மாதம் தள்ளுபடி செய்தது. ஆயுதத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கி, மீறுபவர்களின் பெயரை வெளியிடுவதுதான் உடனடியாகச் செய்யக்கூடியது.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது?

மிகக் குறைவு, மிகத் தாமதமாக. ஒங்வென் வழக்கில் 2024 பிப்ரவரியில் சுமார் 5.2 கோடி யூரோ இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் அதற்குத் தகுதியுள்ளவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அடையாளத் தொகையாக 750 யூரோ, அத்துடன் சமூக மறுவாழ்வுத் திட்டங்கள். ஒங்வெனிடம் பணம் இல்லை. நாடுகளின் நன்கொடையில் இயங்கும் அறக்கட்டளை நிதிதான் அதைத் திரட்ட வேண்டும். வழக்கு நடத்த ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் அரசுகள், தீர்ப்பு வந்தபின் இழப்பீட்டுக்கும் அதே முனைப்போடு பணம் தர வேண்டும்.

என்னிடம் புகைப்படமோ காணொளியோ இருக்கிறது. என்ன செய்வது?

மூலக் கோப்பை மாற்றாமல், வெட்டாமல் வைத்திருங்கள். எப்போது, எங்கே எடுக்கப்பட்டது, யார் மூலம் உங்களிடம் வந்தது என்று தனியே எழுதிவையுங்கள். சமூக வலைத்தளத்தில் ஏற்றிய பிரதி எந்த நேரத்திலும் நீக்கப்படலாம். அதை மட்டும் நம்பாதீர்கள். சாட்சிகளை நீங்களே திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். அது அவர்களை மீண்டும் காயப்படுத்தும், பின்னாளில் நீதிமன்றத்தில் வாக்குமூலங்கள் முரண்படவும் காரணமாகும். சிரியாவுக்காக ஐ.நா. பொதுச்சபை 2016 டிசம்பரில் உருவாக்கிய சான்று திரட்டும் அமைப்பு, வீட்டோவைச் சுற்றிப்போக நாடுகள் கண்டுபிடித்த வழி. அங்கே சேர்ந்த ஆவணங்கள் ஐரோப்பிய நாடுகளின் வழக்குகளுக்கு உதவுகின்றன. எந்த அமைப்பிடம் கொடுத்தாலும், உங்கள் பெயரும் சாட்சியின் பெயரும் எப்படிப் பாதுகாக்கப்படும் என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள்.